மண்ணரணைக் காப்பது எப்படி? உள்நாட்டுப் போர்களின் எச்சங்களும் தீராத ஒரு விவாதமும்

கற்கோட்டை இடிந்தால் கற்கள் கிடக்கும். எந்தக் கல் எங்கிருந்து விழுந்தது என்று ஓரளவு கணித்துவிடலாம். மண்ணை வெட்டிக் குவித்து எழுப்பிய அரண் சரிந்தால், சரிந்த மண்ணும் தரை மண்ணும் ஒன்றாகிவிடுகின்றன. சில மாத முற்றுகைக்காக அவசர அவசரமாக எழுப்பப்பட்ட இத்தகைய அரண்களில் சில, நூற்றாண்டுகளைத் தாண்டி இன்றும் நிற்கின்றன. அரசுகள் அவற்றை மரபுச் சின்னங்களாக அறிவித்துச் சட்டக் காப்பும் தந்திருக்கின்றன. ஆனால் அப்படிக் காக்கப்படுவது எது? அன்றைய வடிவமா, இன்று எஞ்சியிருக்கும் சரிவா, மண்ணுக்குள் புதைந்திருக்கும் தடயங்களா, அதை வெட்டியவர்களின் நினைவா? இந்தக் கேள்விக்குக் காலந்தோறும் பல விடைகள் வந்திருக்கின்றன. அவை ஒன்றோடொன்று எளிதில் ஒத்துப்போவதில்லை.

விவாதம் மிகுதியாக நடந்திருக்கும் இரண்டு களங்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர். மற்றொன்று, 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்.

மண் ஏன்?

பீரங்கி வந்த பிறகு உயரமான கல்மதில் பலவீனமாகிவிட்டது. குண்டு பட்டால் கல் பிளக்கும். சிதறும் துண்டுகள் உள்ளே நிற்பவர்களையே கொல்லும். தடித்த மண்கரையோ குண்டை உள்வாங்கிப் புதைத்துக்கொள்ளும். சேதமான இடத்தை அன்றிரவே மண்வெட்டியும் கூடையும் கொண்டு சரிசெய்துவிடலாம். கல் குறைவாகவும் போர் மிகுதியாகவும் இருந்த நெதர்லாந்தில் இந்தக் கலை முறைப்படி வளர்ந்தது. அங்கே போரிட்டுத் திரும்பிய வீரர்களும் பொறியாளர்களும் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அதன் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று, டிரென்ட் ஆற்றங்கரையில் நியூவார்க் நகரின் தென்மேற்கே உள்ள 'குயின்ஸ் ஸ்கான்ஸ்'. முதலாம் சார்லஸ் மன்னரின் பக்கம் நின்ற இந்நகரம் 1643, 1644, 1645-46 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை முற்றுகைக்கு உள்ளானது. நகரைக் காக்க எழுந்த வெளியரண்களில் அரசி ஹென்றியட்டா மரியாவின் பெயர் தாங்கிய இந்த அரண், சதுரத்தின் நான்கு மூலைகளிலும் அம்புமுனைபோல் நீளும் கொத்தளங்களைக் கொண்டது. பரப்பு 3 ஏக்கருக்கு மேல். உயரம் சில இடங்களில் 30 அடி வரை. கொத்தளங்களின் கோணம் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. எதிரி எந்தப் பக்கச் சுவரை நெருங்கினாலும், பக்கத்துக் கொத்தளத்தில் இருப்பவர் அவரைப் பக்கவாட்டிலிருந்து சுட முடியும்; மறைந்து நிற்க ஓர் அடி இடம்கூடக் கிடைக்காது. இன்று புல் மூடிக் கிடக்கும் அந்தச் சரிவுகளின் மேல் நின்று பார்த்தாலும் இந்தக் கணக்கு கண்ணுக்குப் புலப்படுகிறது.

எழுப்பியவர்கள் இதை நிலைத்து நிற்கவேண்டிய கட்டடமாக நினைக்கவில்லை. பாதுகாப்புச் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதல் விடை: தரைமட்டமாக்குதல்

காலவரிசையில் முதலில் வந்த விடை, காக்கவே வேண்டாம் என்பது. 1642-43இல் லண்டனைச் சுற்றி ஏறக்குறைய 11 மைல் நீளத்துக்கு மண்கரையும் கோட்டைகளும் எழுந்தன. ஆண்களும் பெண்களுமாக நகர மக்கள் திரளாக வந்து வெட்டிய வேலை அது. 1647இல் நாடாளுமன்றம் அதை இடிக்க ஆணையிட்டது. இன்று லண்டனில் அதன் வெளிப்படையான எச்சம் ஏறக்குறைய இல்லை. மேஃபேர் பகுதியில் மவுண்ட் தெருவின் பெயரில் ஓர் அரணின் நினைவு தங்கியிருக்கிறது, அவ்வளவே.

நியூவார்க்கும் அந்த வழியில்தான் போயிருக்க வேண்டும். 1646 மே மாதம் மன்னர் ஸ்காட்லாந்துப் படையிடம் தன்னை ஒப்படைத்துவிட்டு நகரைச் சரணடையச் சொன்னார். அரண்களை இடிக்கும்படி உள்ளூர் மக்களுக்கு உத்தரவு வந்தது. நகரில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்ததால் வேலை முழுமையாக நடக்கவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எனினும் அந்தத் தற்செயல் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. நகரின் வடபுறத்தில் குயின்ஸ் ஸ்கான்ஸுக்கு இணையாக நின்ற 'கிங்ஸ் ஸ்கான்ஸ்' 19ஆம் நூற்றாண்டில் மறைந்துபோயிற்று.

அமெரிக்காவில் இடிக்கும் ஆணைகளைவிடக் கலப்பைதான் கூடுதலாக அழித்தது. வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க்கில் 1864 ஜூன் முதல் 1865 ஏப்ரல் வரை நீண்ட முற்றுகை, பல மைல் நீளத்துக்குக் குழிகளையும் கரைகளையும் விட்டுச்சென்றது. ஊர் திரும்பிய உழவர்களுக்கு அவை வயலை மறிக்கும் தடைகள். கரையை அகழியில் தள்ளி மூடினார்கள். தாங்குகட்டைகளைப் பிடுங்கி விறகாக்கினார்கள். இதைக் குற்றமாகப் பார்ப்பது நியாயமாகாது. போரால் வாழ்விழந்தவருக்கு நிலத்தை மீட்பது முதல் கடமை. இந்த விடையின் பலமும் குறையும் ஒன்றே: அது வாழ்பவர்களின் தேவையை மட்டும் பார்க்கிறது, பின்னால் வருபவர்களுக்கு ஒரு சொல்லும் மிச்சம் வைப்பதில்லை.

இரண்டாம் விடை: கைவைக்காதே

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று உருமாற்றியபோது, ஜான் ரஸ்கின் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1877இல் வில்லியம் மோரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். காலம் விட்டுவைத்ததை அப்படியே பேணவேண்டும், மனிதக் கை அதைத் திருத்தக்கூடாது என்ற கொள்கை அங்கிருந்து வலுப்பெற்றது. 1882இல் பிரிட்டனின் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் இருக்கும் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட சின்னத்தில் அனுமதியின்றி மண்ணைத் தோண்டுவதும் கொட்டுவதும் குற்றம். குயின்ஸ் ஸ்கான்ஸும், கேம்பிரிட்ஜ்ஷயரின் ஆற்றுவெளியில் மேய்ச்சல் நிலமாகக் கிடக்கும் ஏரித் புல்வார்க் என்ற மண்ணரணும் இப்படிப் பட்டியலிடப்பட்டவை.

இந்தக் கொள்கைக்கு அறிவியல் ஆதரவும் உண்டு. மண்கரையின் அடியில், அது எழுப்பப்பட்ட நாளின் தரை அப்படியே மூடிக் கிடக்கிறது. அகழியின் அடிப்பகுதியில் முதல் சில மழைக்காலங்களில் வடிந்த வண்டல் படிந்திருக்கிறது. அதில் மகரந்தம், எலும்பு, உடைந்த புகைக்குழாய், ஈயக்குண்டு என்று பலவும் இருக்கக்கூடும். மேல் வடிவம் மழுங்கினாலும் இந்த அடுக்குகள் கலையாதவரை வரலாறு படிக்கக் கிடைக்கும்.

மண்கரை எப்படிச் சரிகிறது என்பதை அறிய நீண்டகாலச் சோதனை ஒன்றும் நடக்கிறது. 1960இல் வில்ட்ஷயரின் ஓவர்டன் டவுனில் சுண்ணநிலத்தில் ஒரு கரையையும் அகழியையும் ஆய்வாளர்களே வெட்டினார்கள். 1963இல் வேர்ஹாமில் மணல்நிலத்தில் இன்னொன்று. 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகும் ஆண்டு இடைவெளிகளில், 128ஆம் ஆண்டு வரை, குறுக்காக வெட்டிப் பார்ப்பது திட்டம். தொடக்க ஆண்டுகளில் மாற்றம் வேகமாக நடக்கிறது, பிறகு சரிவு தனக்கேற்ற சாய்வில் அடங்கிப் புல் பிடித்து ஏறக்குறைய நிலைபெறுகிறது என்பது இதுவரை தெரியவந்துள்ள முக்கியமான செய்தி. அப்படியானால் 350 ஆண்டு கடந்த மண்ணரண் நாம் அஞ்சும் அளவுக்கு நொய்ந்ததல்ல. தொந்தரவு செய்யாமல் விட்டால் அது தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும்.

ஆனால் தொந்தரவு செய்யாமல் விடுவது யார் கையில் இருக்கிறது? முயல் வளை தோண்டும். ஆடுமாடு ஒரே தடத்தில் நடந்து சரிவை அரிக்கும். பூங்காவாகிவிட்ட அரணில் குழந்தைகள் ஏறிச் சறுக்குவார்கள். சைக்கிள் ஓட்டுபவர்கள் கரையின் சாய்வையே விரும்புவார்கள். புல் போய் மண் வெளித்தெரியும் ஒரு கையளவு இடம், ஒரே மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். சட்டம் மண்வெட்டியைத் தடுக்கலாம். அலட்சியத்தைத் தடுக்க முடிவதில்லை. சட்டத்திலும் இடைவெளிகள் உள்ளன. ஏற்கெனவே உழப்பட்டுவந்த பட்டியல் நிலத்தைச் சில வரையறைகளுக்கு உட்பட்டுத் தொடர்ந்து உழ பிரிட்டனில் இசைவு உண்டு. அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டங்கள் பெரும்பாலும் கூட்டரசு நிலத்தையும் கூட்டரசுத் திட்டங்களையுமே கட்டுப்படுத்துகின்றன. தனியார் தன் நிலத்திலுள்ள கரையைச் சமன்படுத்தினால் அந்தச் சட்டங்கள் பொதுவாகத் தலையிடுவதில்லை.

மூன்றாம் விடை: மீண்டும் எழுப்பு

சரிந்து புல் மூடிய மேட்டைப் பார்த்து ஒரு கோட்டையைக் கற்பனை செய்வது பொதுமக்களுக்குக் கடினம். அன்றைய கரை செங்குத்தானது. மரக்கட்டையும் பின்னல் தட்டியும் புல்கட்டியும் அதைத் தாங்கின. அந்த அணைப்புகள் மக்கிப்போனதால்தான் இன்றைய மென்மையான மேடு உருவானது. எனவே ஒரு பகுதியையாவது பழைய வடிவில் எழுப்பிக் காட்டவேண்டும் என்பது மூன்றாம் தரப்பின் வாதம்.

அமெரிக்கா இந்த வழியில் நெடுந்தூரம் போனது. போர் முடியும்போது வாஷிங்டன் நகரைச் சுற்றி 68 கோட்டைகள் இருந்தன. அவற்றில் ஒன்றான ஃபோர்ட் ஸ்டீவன்ஸ், 1864 ஜூலையில் அதிபர் லிங்கன் எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நின்று பார்வையிட்ட இடம். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களுக்காக உருவான குடிமைப் பாதுகாப்புப் படை, 1930களின் இறுதியில் அதன் ஒரு பகுதியை மீண்டும் கட்டியது. மரம் மக்கும் என்பதால், மரக்கட்டை போலத் தோன்றும் கான்கிரீட்டால் மார்புச்சுவரை அமைத்தார்கள். கோட்டை நிலைத்தது, ஆனால் இன்று அங்கே தொட்டுப் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் 1930களின் பொருள்.

இதைவிடச் சிக்கலானது யார்க்டவுன். அங்கே 1781இல் அமெரிக்க விடுதலைப் போரின்போது ஆங்கிலேயர் மண்ணரண் கட்டினார்கள். 1861-62இல் தென்மாநிலக் கூட்டமைப்புப் படை அதே கரைகளின் மேல் மண்ணேற்றித் தன் அரணாக்கிக்கொண்டது. பிற்காலத்தில் இவற்றைப் பராமரிக்க வந்தவர்கள் எந்தப் போரின் வடிவத்தைக் காட்டுவது? ஒன்றை மீட்க மற்றொன்றை உரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. நாடு பிறந்த கதைக்கு நாடு பிளந்த கதையைவிட முன்னுரிமை தருவது தொழில்நுட்ப முடிவாகத் தோன்றலாம். உண்மையில் அது வரலாற்றைப் பற்றிய தீர்ப்பு.

1964இல் உருவான வெனிஸ் சாசனம், அகழாய்வு நடந்த இடங்களில் மீள்கட்டுமானத்தைக் கொள்கையளவில் விலக்கியது; சிதறிக் கிடக்கும் அசல் பகுதிகளைச் சேர்த்து வைப்பதை மட்டும் ஏற்றது. மண்ணைப் பொறுத்தவரை இந்தத் தடை இன்னும் கூர்மையானது. சரிந்த மண்ணை எடுத்துப் பழைய இடத்தில் வைக்கும்போது, அது சரிந்த வரிசையில் பதிந்திருந்த செய்தி திரும்பாத வகையில் அழிகிறது. ஆயினும் மீள்கட்டுமானத்தை முற்றாக மறுக்கவும் முடியவில்லை. வட கரோலினாவின் ஃபோர்ட் ஃபிஷரில் 1865 ஜனவரியில் பெருங்கப்பற்படையின் குண்டுமழையைத் தாங்கிய மணல்மேடுகளில் ஒரு பகுதியை, இரண்டாம் உலகப் போரின்போது விமான ஓடுதளத்துக்காகத் தரைமட்டமாக்கினார்கள். அசல் மண் ஏற்கெனவே போய்விட்ட அத்தகைய இடத்தில் மீண்டும் எழுப்பினால் இழப்பு குறைவு, கற்பிக்கும் பயன் மிகுதி என்று வாதிட இடமிருக்கிறது.

நான்காம் விடை: போர்வை எது?

1980களிலிருந்து விவாதம் கொள்கையிலிருந்து தாவரத்துக்கு நகர்ந்தது. மண்ணைக் காப்பது சட்டமோ சிமெண்டோ அல்ல, அதன் மேல் வளரும் பச்சைப் போர்வைதான் என்று அமெரிக்கத் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கையேடுகள் அழுத்திச் சொல்லத் தொடங்கின.

பழைய வழக்கம், கரைகளை விளையாட்டு மைதானம்போல் ஒட்ட வெட்டிய புல்லாக வைத்திருப்பது. வடிவம் தெளிவாகத் தெரியும், பார்வையாளருக்கும் பிடிக்கும். ஆனால் வெட்டும் எந்திரம் கரையின் முகட்டைச் சுரண்டும். ஒட்ட வெட்டிய புல்லின் வேர் ஆழம் போகாது. மேலும் அது ஏறி நடக்க மக்களை அழைக்கும். மறுபுறம், காட்டுக்குள் யாரும் கவனிக்காமல் கிடந்த கரைகள் பல வியக்கத்தக்க கூர்மையோடு எஞ்சியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். உதிர்ந்த இலைகளின் அடுக்கு மழைத்துளியின் அடியைத் தடுக்கிறது. மர நிழல் மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. மனிதக் கால் அங்கே அரிது.

இதனால் மரங்களை அப்படியே விடலாம் என்ற கட்சி உருவானது. அதற்கான மறுப்பைப் புயல் தந்தது. 2003 செப்டம்பரில் இசபெல் சூறாவளி வர்ஜீனியாவில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. கரையின் மேல் வளர்ந்த பெருமரம் வேரோடு சாயும்போது, வேர்ப்பந்தோடு கரையின் ஒரு துண்டையே பெயர்த்தெடுக்கிறது. நூற்றைம்பது ஆண்டு மழை செய்யாத சேதத்தை ஒரு மரம் ஒரே இரவில் செய்துவிடும். போர்க்காலத்தில் சுடுவெளிக்காகச் சுற்றிலும் மரங்களை வெட்டியிருந்தார்கள் என்பதால், காடு மூடிய அரண் தன் காட்சிப்பரப்பையும் இழக்கிறது என்ற குறையும் உண்டு.

இரண்டுக்கும் நடுவே, பெருமரங்களை மட்டும் வேரைப் பிடுங்காமல் வெட்டியெடுத்து, உயரமாக வளரும் நாட்டுப் புல்வகைகளைப் படரவிட்டு, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வெட்டும் முறை பரிந்துரைக்கப்பட்டது. வேர் ஆழம் போகும். உயரப் புல் நடப்பவரை விலக்கும். கரையின் வடிவமும் ஓரளவு தெரியும். எல்லா மண்ணுக்கும் எல்லாத் தட்பவெப்பத்துக்கும் இது பொருந்துமா என்பது தீர்மானமாகவில்லை. நிழல் போனபின் களை புகுவதும், புல் பிடிப்பதற்குள் மண் அரிப்பதும் அறியப்பட்ட இடர்கள். கடலோரத்தில் இந்த விவாதத்துக்கே இடம் குறைவு. ஃபோர்ட் ஃபிஷர் அருகே 1920களில் சாலை போடக் கடற்கரைப் பாறையை வெட்டியெடுத்தபின் அரிப்பு தீவிரமாகி, கடல்நோக்கிய அரணின் பெரும்பகுதி நீருக்குள் போனது. 1990களில் கல்தடுப்பு கட்டி எஞ்சியதை நிறுத்தினார்கள்.

ஐந்தாம் விடை: வெட்டிய கைகளை நினை

மேற்கண்ட நான்கும் மண்ணைப் பற்றியவை. அண்மைக் காலத்தில் எழுந்த ஐந்தாம் தரப்பு, அந்த மண்ணைச் சுமந்தவர்களைப் பற்றிக் கேட்கிறது. தென்மாநிலக் கூட்டமைப்பின் அரண்களில் பெரும் உழைப்பு அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களுடையது. அவர்களைக் கட்டாயமாக வேலைக்கு எடுக்கச் சட்டங்களே இயற்றப்பட்டன.

1861 மே மாதம் வர்ஜீனியாவின் செவெல்ஸ் பாயின்ட்டில் பீரங்கி மேடை எழுப்பும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டிருந்த ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூவர், இரவில் படகேறி நீரிணைக்கு அப்பால் கூட்டரசின் கையிலிருந்த ஃபோர்ட் மன்ரோவுக்குத் தப்பி வந்தார்கள். உரிமையாளர் திருப்பிக் கேட்டபோது தளபதி பெஞ்சமின் பட்லர் மறுத்தார். எதிரியின் அரணைக் கட்டப் பயன்பட்டவர்கள் என்பதால் போர்ச்சட்டப்படி அவர்களைத் தடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எடுத்த வாதம். அந்த வாதத்தின் வழியே அவ்வாண்டு ஆகஸ்டில் பறிமுதல் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் அந்தக் கோட்டையை நோக்கி வந்தார்கள். ஒரு மண்மேட்டில் வேலைசெய்த மூன்று பேரின் முடிவு விடுதலையின் சட்ட வரலாற்றையே தொட்டிருக்கிறது. இதைச் சொல்லாமல் மேட்டின் கோணத்தையும் உயரத்தையும் மட்டும் சொல்லும் பலகை பாதி வரலாற்றைத்தான் சொல்கிறது.

பாதுகாப்பே சிலரை அப்புறப்படுத்தியதும் உண்டு. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் ஃபோர்ட் வார்டைச் சுற்றிப் போருக்குப்பின் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடியிருப்பு வளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் நகராட்சி கோட்டையை வாங்கி, வடமேற்குக் கொத்தளத்தை மீட்டமைத்துப் பூங்காவாக்கியபோது அந்தச் சமூகம் இடம் இழந்தது. நான்கு ஆண்டுப் போர்க்காலக் கோட்டைக்காக ஒரு நூற்றாண்டு வாழ்க்கை அழிக்கப்பட்டது. வழித்தோன்றல்களின் முயற்சியால்தான் அங்குள்ள கல்லறைகளும் குடியிருப்பின் தடங்களும் பின்னர் கவனம் பெற்றன.

இந்தத் தரப்புக்கும் ஒரு பலவீனம் உண்டு. யார் வெட்டினார் என்ற சான்று ஒவ்வோர் அரணுக்கும் கிடைப்பதில்லை. பொதுவான உண்மையைக் குறிப்பிட்ட ஒரு கரையின் மேல் சான்றில்லாமல் ஏற்றிவிடும் ஆபத்து இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே இலங்கையின் வன்னி நினைவுக்கு வராமல் போகாது. 2009இல் முடிந்த உள்நாட்டுப் போரில் கிளிநொச்சியைச் சுற்றியும் முகமாலையிலும் மண் அணைகளும் அகழிகளும் பதுங்குகுழிகளும் நீண்டு கிடந்தன. முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. மண்ணைக் கிளறாமல் அது நடக்காது; மக்கள் தங்கள் நிலத்துக்குத் திரும்ப அதுவே முதல் தேவை. மறுபுறம், விடுதலைப் புலிகளிடமிருந்து கைப்பற்றி இராணுவம் பார்வையாளருக்குக் காட்டிவந்த புதுக்குடியிருப்புப் பதுங்குமாளிகை 2013இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எது காட்டப்படும், எது அழிக்கப்படும் என்பதை வென்றவர் மட்டும் தீர்மானிக்கும் காலத்தில், மரபுப் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அங்கே முழுப் பொருள் கிடைக்க வழியில்லை.

எஞ்சி நிற்பவை

ஒவ்வொரு விடையும் ஒன்றைக் காத்து மற்றொன்றை விட்டுக்கொடுக்கிறது. கைவைக்காமை புதைந்த தடயத்தைக் காக்கிறது. பார்ப்பவர் புரிந்துகொள்வதைக் கைவிடுகிறது. மீள்கட்டுமானம் புரிதலைத் தருகிறது, சான்றைத் தின்கிறது. புல் வடிவத்தைக் காட்டுகிறது, மரம் மண்ணை மூடுகிறது. இரண்டும் தத்தம் வழியில் கரையை ஆபத்துக்கும் உள்ளாக்குகின்றன. ஆகவே எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே முறையைத் தேடுவதைவிட, ஒவ்வோர் அரணும் எதன் பொருட்டுக் காக்கப்படுகிறது என்பதை முதலில் வெளிப்படையாக எழுதிவைப்பது நேர்மையான தொடக்கம் எனத் தோன்றுகிறது.

அந்த வரம்புக்குள் சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். திரும்பப் பெற முடியாதது கலைந்த மண்ணடுக்கு மட்டுமே. மற்ற தவறுகளைப் பின்னால் திருத்த முடியும். எனவே ஐயம் எழும் இடத்தில் தோண்டாத வழியே மேல். வான்வழி லேசர் அளவீடு காட்டுக்குள் மறைந்த கரைகளையும் இன்று துல்லியமாக வரைந்துவிடுவதால், வடிவத்தைக் காட்டுவதற்காக மண்ணைத் தொடவேண்டிய கட்டாயம் குறைந்திருக்கிறது. அசல் முற்றாக அழிந்த இடத்தில் மீள்கட்டுமானத்துக்கு இடம் தரலாம். அசல் எஞ்சிய இடத்தில் அந்தத் தேவையை மாதிரியுருவும் வரைபடமும் நிறைவு செய்யக்கூடும்.

திறந்தே நிற்கும் கேள்விகள் வேறு. கனமழையும் சூறாவளியும் கூடும் காலத்தில், 350 ஆண்டு நிலைபெற்ற சரிவு இனியும் நிலைபெறுமா? தனியார் நிலத்திலுள்ள எண்ணற்ற சிறு கரைகளுக்கு யார் பொறுப்பு? ஒரு போரின் மண் எத்தனை தலைமுறைக்குப் பின் பொது மரபாகிறது, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு? முதலிரண்டு கேள்விகளில் அறிவியலும் சட்டமும் காலப்போக்கில் முன்னேறலாம். மூன்றாவதற்கு விடை அந்த மண்ணை வெட்டியவர்கள், அதில் மடிந்தவர்கள், அதனால் நிலம் இழந்தவர்கள் ஆகியோரின் வழியினர் ஒரே மேசையில் அமரும்போதுதான் தொடங்க முடியும். நியூவார்க்கில் அந்தக் காயம் ஆறிவிட்டது. அமெரிக்காவில் அந்தப் பேச்சு பாதியில் நிற்கிறது. பல நாடுகளில் அது இன்னும் தொடங்கவே இல்லை.